நோக்கியாவின் ஏற்றமும் இறக்கமும்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மில் பலருக்குச் சொந்த ஊரின் குரலை முதன்முதலில் கைக்குள் கொணர்ந்து தந்தது நோக்கியாக் கைபேசி. 1865-இல் பின்லாந்தில் மரக்கூழ் ஆலையாகத் தோன்றிய அந்நிறுவனம், 1998-இல் உலகின் முதற்பெரும் கைபேசி உற்பத்தியாளராயிற்று. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது.

2007-இல் ஐபோன் வந்தது. மறு ஆண்டு ஆண்ட்ராய்டு. கருவியின் உறுதியைவிட அதனுள் இயங்கும் மென்பொருளே வாங்குவோர் மனத்தைக் கவரலாயிற்று. நோக்கியாவோ தன் சிம்பியனை விட மனமின்றிக் காலந் தாழ்த்தியது. 2011-இல் விண்டோஸை ஏற்றும், அதற்கெனச் செயலி ஆக்குவோர் போதிய அளவில் முன்வரவில்லை. மேலைநாட்டுச் சந்தை கைநழுவ, 2014 ஏப்ரலில் கைபேசித் தொழில் மைக்ரோசாப்ட் வசமாயிற்று. வரி வழக்கின் காரணமாக ஸ்ரீபெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. அவ்வாண்டு நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கானோர் அவ்வாண்டிலேயே வேலையிழந்தனர்.

பின்னர் 2016-இல் அப்பெயரை உரிமம் பெற்று ஏற்ற எச்.எம்.டி. நிறுவனமும், 2025-இல் அமெரிக்காவில் தன் வாணிகத்தைச் சுருக்கிக்கொண்டது.

தொலைநாட்டில் காலங்கடந்து எடுத்த முடிவின் சுமையில் ஒரு பகுதி நம்மூர்த் தொழிலாளர் தோள்களில் இறங்கியது என்பதை நாம் மறத்தலாகாது.