கே. பி. சுந்தராம்பாளின் தொடக்ககாலத் திரைப்படங்கள்

கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள் (1908 - 1980) தமிழ் நாடக மேடையிலும் இசைத்தட்டுகளிலும் பெரும்புகழ் பெற்ற பாடகர் ஆவார். கே. பி. எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்டார். இவர் நடித்த முதல் இரண்டு திரைப்படங்களான பக்த நந்தனார் (1935), மணிமேகலை (1940) ஆகியன எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. 1953 இல் வெளியான ஔவையார் திரைப்படமே இவரைத் திரையுலகில் நிலைநிறுத்தியது. இக்கட்டுரை அந்தத் தொடக்ககாலப் படங்களைப் பற்றியது.

பின்னணி

சுந்தராம்பாள் இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள கொடுமுடியில் பிறந்தார். நல்லதங்காள் நாடகத்தில் சிறுவன் வேடமேற்று மேடைக்கு வந்தார். பின்னர் இலங்கையில் நாடகங்களில் நடித்தபோது, புகழ்பெற்ற நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்து நடித்தார். இருவரும் 1927 இல் மணந்து கொண்டனர். 1933 டிசம்பர் 2 அன்று கிட்டப்பா தம் 27ஆவது அகவையில் காலமானார். அதன் பின் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை மட்டுமே உடுத்தினார். ஆண் நடிகர்களுக்கு இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். பின்னாளில் அவர் ஏற்ற வேடங்களை இந்த உறுதியே பெரிதும் தீர்மானித்தது.

பக்த நந்தனார் (1935)

அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் நந்தனார் கதையைப் படமாக்க விரும்பிச் சுந்தராம்பாளை அணுகினார். படத்தில் நடிக்க விருப்பமில்லாத அவர், கேட்டவுடன் தயாரிப்பாளர் விலகிவிடுவார் என்று எண்ணி ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் கேட்டதாகக் கூறப்படுகிறது. அசன்தாஸ் அத்தொகைக்கு உடன்பட்டார். அக்காலத்தில் ஒரு முழுப் படத்தையே அதற்கும் குறைந்த செலவில் எடுத்துவிடலாம் என்பதால் இச்செய்தி நாடெங்கும் பேசப்பட்டது.

நந்தனார் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த சிவனடியார். சிதம்பரம் சென்று நடராசரைக் காண ஏங்கியவர். இவரது வாழ்வைக் கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளாகப் பாடினார். படத்தில் நந்தனாராகச் சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நடித்தார். நந்தனாரின் ஆண்டையான வேதியராகக் கருநாடக இசைக்கலைஞர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். மாணிக் லால் தாண்டன் இயக்கினார். தாண்டனின் அழைப்பில் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த எல்லிஸ் ஆர். டங்கன் சில காட்சிகளைப் படமாக்க உதவினார். டங்கன் அடுத்த ஆண்டு சதி லீலாவதியை இயக்கினார்.

இரு பெரும் பாடகர்கள் இருந்தும் படம் வணிக வெற்றி அடையவில்லை. எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் இப்படத்தைக் கடுமையாக விமர்சித்தார். நடிகர்களைவிட மரங்களும் விலங்குகளுமே நன்றாக நடித்துள்ளன என்பது அவரது கேலி.

அக்காலத் தொழில்நுட்பத்தையும் இங்கு கருத்தில் கொள்ள வேண்டும். பின்னணி பாடும் முறை தமிழ்த் திரைப்படங்களில் பரவுவதற்கு முன்னர், நடிகர் ஒலிவாங்கிக்கு அருகில் நின்று பாடிக்கொண்டே நடிக்க வேண்டியிருந்தது. இதனால் அசைவு குறைந்தது. பாட்டு மிகுந்த படங்கள் கச்சேரியைப் போலத் தோன்றின. தொலைவில் உள்ள கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய மேடைக் கலைஞருக்கு, முகத்தை அருகில் காட்டும் ஒளிப்படக்கருவி புதிய சூழலாக இருந்தது.

மணிமேகலை (1940)

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த இப்படத்தைப் பொம்மன் இரானி இயக்கினார். கொத்தமங்கலம் சீனுவும் நடித்தார். சீத்தலைச் சாத்தனாரின் காப்பியத்தில் மணிமேகலை, சோழ இளவரசன் உதயகுமாரனின் காதலை மறுத்துப் பௌத்தத் துறவு பூணும் இளம்பெண். துறவுக் கதை என்பதால் சுந்தராம்பாளின் உறுதிக்கு முரண்படவில்லை. எனினும் அப்போது அவர் முப்பது அகவையைக் கடந்திருந்தார். இப்படமும் பெரிய வெற்றி பெறவில்லை. இதன் பின் 13 ஆண்டுகள் அவர் நடித்த படம் எதுவும் வெளிவரவில்லை.

ஒப்பீடு

1942 இல் ஜெமினி நிறுவனம் நந்தனார் கதையை மீண்டும் படமாக்கியது. எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்த அப்படம் வெற்றி பெற்றது. தேசிகரும் இசைக்கலைஞரே. எனவே முதற்படத்தின் தோல்விக்குக் கதையையோ, பாடகர் நடித்ததையோ காரணமாகக் கூற இயலாது. ஏழு ஆண்டுகளில் ஒலிப்பதிவும் படமாக்கும் முறையும் முன்னேறியிருந்தன என்பதையும், ஆண் வேடத்தை ஓர் ஆணே ஏற்றதையும் நோக்க வேண்டும்.

ஔவையாரும் பிற்கால வேடங்களும்

எஸ். எஸ். வாசன் தயாரிப்பில் கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார் 1953 இல் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. அப்போது சுந்தராம்பாளுக்கு 44 அகவை. காதலனோ கணவனோ இல்லாத, தமிழ் பாடி ஊர் ஊராகச் செல்லும் முதிய புலவரின் வேடம் அவரது குரலுக்கும் தோற்றத்துக்கும் உறுதிக்கும் ஒருசேரப் பொருந்தியது. பூம்புகாரில் (1964) கவுந்தியடிகளாகவும், திருவிளையாடலில் (1965) மீண்டும் ஔவையாராகவும், காரைக்கால் அம்மையாரில் (1973) தலைப்பு வேடத்திலும் நடித்தார். துணைவன் (1969) படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

முதல் இரு படங்களிலும் குறையின்றி ஒலித்த அதே குரல்தான் பிற்காலப் படங்களிலும் ஒலித்தது. மாறியது அவருக்கு அளிக்கப்பட்ட வேடமே.