காற்றின் மேல் ஓடும் இழுவை வண்டி

1914-ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஃபிரெடரிக் சிப்லி என்ற மர வியாபாரி, தன் படகை மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஏரிக்குக் கொண்டு செல்ல விரும்பினார். அவரிடம் இருந்ததோ ஃபோர்டு மாடல் டி கார். படகு அதில் ஏறாது. கொல்லரும் வண்டி செய்பவருமான ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப், காரின் பின்னால் மாட்டி இழுக்க ஒரு வண்டி செய்து கொடுத்தார். அது நன்றாக ஓடவே, மரம் ஏற்றவும் அதுபோல் ஒன்று வேண்டும் என்றார் சிப்லி. 1918-இல் ஃப்ரூஹாஃப் டிரெய்லர் கம்பெனி பிறந்தது. பெரிய தொழிலாக வளர்ந்த டிரெய்லரின் ஒரு தொடக்கம் இப்படி ஒரு பட்டறையில் கைவேலையாக நடந்ததுதான்.

ஆனால் டிரெய்லருக்குக் காரில் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. காலியாக இருக்கும்போது உள்ள எடையைப் போலப் பல மடங்கு பாரம் அதில் ஏறும். முழுப் பாரத்தைத் தாங்கும்படி பட்டை ஸ்பிரிங் போட்டால், காலி வண்டி துள்ளும். (பாரம் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.) மெல்லிய ஸ்பிரிங் போட்டாலோ பாரம் ஏறியதும் வண்டி அமுங்கிவிடும்.

இதற்கு விடை காற்றில் இருந்தது. ரப்பர் பையில் காற்றை அடைத்து ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினால், பாரம் கூடும்போது காற்றழுத்தத்தைக் கூட்டலாம், குறையும்போது வெளியேற்றலாம். அழுத்தம் கூடக் கூட ஸ்பிரிங்கின் விறைப்பும் கூடுவதால், வண்டியின் உயரமும் ஓட்டமும் பெரிதாக மாறுவதில்லை. வில்லியம் ஹம்ஃப்ரீஸ் என்பவர் 1901-லேயே வண்டிகளுக்கான காற்று ஸ்பிரிங்குக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், இது பெரிதாக விளம்பரம் ஆனது அதிகம் தேவைப்படாத இடத்தில்தான். 1957-இல் வந்த காடிலாக் எல்டொராடோ புரோகம் என்ற ஆடம்பரக் காரின் விலை 13,074 டாலர். நான்கு சக்கரங்களுக்கும் காற்று ஸ்பிரிங். காற்று கசிந்து, நிறுத்தி வைத்த கார் தரையை நோக்கி அமுங்கிப் போனது. பல உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண சுருள் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டார்கள். ஒரு காரில் ஏறும் நான்கைந்து பேருக்காக இத்தனை வால்வும் குழாயும் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான்.

பேருந்தில் கதை வேறு. அங்கே கூட்டம் ஏறும், இறங்கும். 1954 முதல் ஓடிய கிரேஹவுண்ட் நிறுவனத்தின் சீனிக்குரூசர் பேருந்துகளில் ஏர் சஸ்பென்ஷன் இருந்தது. அந்த வகையில் அது நிலைத்தும் விட்டது. பிறகு லாரிகளுக்கும் பரவியது. சாலைக்கு அதனால் சேதம் குறைவு என்பதால் 1992-இல் ஐரோப்பிய சமூகம் ஒரு சலுகை தந்தது: 25 டன் வரம்புள்ள மூன்று அச்சு லாரி, இயக்கும் அச்சில் இரட்டை டயரும் ஏர் சஸ்பென்ஷனும் இருந்தால் 26 டன் வரை போகலாம்.

இன்று வீட்டுப் பட்டறையில் டிரெய்லர் செய்பவர்களும் இந்தப் பைகளை வாங்கிப் பொருத்துகிறார்கள். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டை ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவதோடு அச்சையும் அதன் இடத்தில் பிடித்து வைக்கிறது. காற்றுப் பை தாங்க மட்டுமே செய்யும், பிடிக்காது. ஆகவே அச்சு முன்பின் நகராமலிருக்க இரண்டு பக்கமும் நீளக் கைகள் வேண்டும், பக்கவாட்டில் நகராமலிருக்கக் குறுக்குக் கம்பி ஒன்றும் வேண்டும். இடது, வலது பைகளை ஒரே குழாயில் தாராளமாக இணைத்துவிட்டால், வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி வண்டி சாயும்.

காடிலாக்கின் மானத்தை வாங்கிய அதே அமுக்கம் இங்கே வசதியாகிறது. காற்றைத் திறந்துவிட்டால் தளம் தாழ்ந்து விடும், மோட்டார் சைக்கிளைச் சிறிய பலகை வழியாகவே ஏற்றலாம். புறப்படும் முன் 12 வோல்ட் கம்ப்ரஸரால் மறுபடி காற்றடித்து, இரு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.