விடுதியை நடத்துபவர் யார்? ஒரு வரிச்சொல்லின் 17 ஆண்டு வழக்கு வரலாறு

2021 மே 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒரு தீர்ப்பு வழங்கியது. ஒரு தரப்பில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரம். தன்னையும் சேர்த்து அம்மாநிலத்தின் 173 நகராட்சிகளுக்காக அது வழக்காடியது. மறுதரப்பில் ஹோட்டல்ஸ் டாட் காம் முதலிய இணையப் பயண நிறுவனங்கள். நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய மேல்முறையீட்டுச் செலவைக் குறைக்கும் அதிகாரம் விசாரணை நீதிமன்றத்துக்கு உண்டா என்பதே அன்றைய கேள்வி. இல்லை என்றது தீர்ப்பு. வரிப்பாக்கி கேட்டு 2006இல் நீதிமன்றம் ஏறிய நகரங்கள், 15 ஆண்டுகளுக்குப் பின் சுமார் 22 லட்சம் டாலர் செலவைத் தம் தலையில் சுமந்து திரும்பின. இத்தனைக்கும் இடையில் அவை ஒருமுறை வென்றிருந்தன.

இந்த வரலாறு பெரும்பாலும் வரிச்சட்ட வல்லுநர்களின் வட்டத்துக்குள்ளேயே பேசப்பட்டு வந்துள்ளது. மொழியியல் பயின்றவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று கருதுகிறேன். பல கோடி டாலர் எவர் கைக்குப் போவது என்பதை ஒரு பெயர்ச்சொல்லும் இரண்டொரு வினைச்சொற்களும் தீர்மானித்த வரலாறு இது.

முதலில் வணிகமுறையைப் பார்ப்போம். ஓர் அறைக்குப் பயணி இணையத்தளத்தில் 100 டாலர் செலுத்துகிறார் என்று கொள்வோம். தளம் விடுதியோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி விடுதிக்குச் சேர்வது 75 டாலர்தான். அந்த 75 டாலருக்கு உரிய வரியைத் தளம் விடுதியிடம் தருகிறது. விடுதி அதை நகராட்சிக்குச் செலுத்துகிறது. எஞ்சிய 25 டாலருக்கு வரி இல்லை. பயணியின் ரசீதிலோ வரியும் தளத்தின் கட்டணமும் ‘வரிகளும் கட்டணங்களும்’ என்ற ஒரே வரிசையில் கலந்து நிற்கும். எது வரி, எது கட்டணம் என்பதை அவரால் பிரித்தறிய இயலாது.

அந்த 25 டாலருக்கும் வரி உண்டு என்று 2004 இறுதியில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் வழக்குத் தொடுத்தது. அதன் பின் நாடெங்கும் நகரங்களும் கவுண்டிகளும் நீதிமன்றங்களை நாடின. அறையில் தங்கப் பயணி தரும் முழுத் தொகையே அறையின் விலை என்பது அவற்றின் வாதம். நிறுவனங்களின் மறுமொழியையும் எளிதில் தள்ளிவிட முடியாது. எங்களுக்குச் சொந்தமாக ஓர் அறையும் இல்லை. அறைகளை நாங்கள் முன்கூட்டி வாங்கி வைப்பதும் இல்லை. தேடித் தருவதும் பதிவு செய்து தருவதுமே எங்கள் தொழில். அதற்கான கூலி அறை வாடகை ஆகாது என்றன அவை.

நீதிபதிகளின் முன் இருந்தவையோ இணையத்துக்கு முந்திய காலத்து வாசகங்கள். வட கரோலினாவின் பிட் கவுண்டி வழக்கில், ஹோட்டல், மோட்டல், சுற்றுலா இல்லம், சுற்றுலா முகாம் ஆகியவற்றையும் ‘அவை போன்ற’ தொழில்களையும் நடத்துவோர் மீதே வரி விதிக்கப்பட்டிருந்தது. இணையத்தளம் ‘அவை போன்றது’ ஆகுமா? ஆகாது என்றது 4ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம். அதே 2009ஆம் ஆண்டில் கென்டக்கியின் லூயிவில் நகரமும் 6ஆம் வட்ட நீதிமன்றத்தில் தோற்றது. ஒரு பட்டியலின் இறுதியில் வரும் பொதுச்சொல், தனக்கு முன் நிற்கும் சிறப்புச்சொற்களின் இனத்தையே சுட்டும் என்ற பழைய பொருள்கோள் நெறி அங்கே கைக்கொள்ளப்பட்டது. பட்டியலில் இருந்தவை அனைத்தும் சுவரும் கூரையும் உடைய இடங்கள். இணையத்தளம் அந்த இனத்தில் சேரவில்லை.

வேறு வாசகங்கள் இருந்த இடங்களில் முடிவும் வேறாயிற்று. தென் கரோலினாவின் சட்டம் அறைகளை ‘அளித்தல்’ என்ற வினையைப் பயன்படுத்தியிருந்தது. எக்ஸ்பீடியா குழுமத்தைச் சேர்ந்த டிராவல்ஸ்கேப், தான் எவருக்கும் அறையை நேரில் அளிக்கவில்லை என்று வாதிட்டது. அளித்தல் என்பது சாவியைக் கையில் கொடுப்பதோடு முடிவதில்லை. பணம் பெற்று அறை கிடைக்கச் செய்வதும் அளித்தலே என்று 2011இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது. ஜார்ஜியாவின் கொலம்பஸ் நகரமும் 2009இல் தன் மாநில உச்ச நீதிமன்றத்தில் எக்ஸ்பீடியாவை வென்றது. பயணி செலுத்தும் தொகையையே அந்நீதிமன்றம் வரிக்கு அடிப்படையாகக் கொண்டது. ஆனால் அவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. வழக்கின் போக்கில் அந்நகர விடுதிகள் பயணத்தளங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. வழக்கில் தரப்பினராகவே இல்லாத விடுதிக்காரர்கள் இடையில் அகப்பட்டுக்கொண்டனர்.

கலிஃபோர்னியாவில் முடிவு வர 2016 ஆயிற்று. சான் டியேகோவின் விதி, விடுதியை நடத்துபவர் ‘விதிக்கும் வாடகை’க்கு வரி என்றது. இணைய நிறுவனம் விடுதியை நடத்துபவர் அன்று. ஆகவே அது கூட்டி வைக்கும் தொகை அந்த வாடகையில் சேராது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் முடித்தது.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. வினைமுதலைப் பெயர் சொல்லிக் குறித்த சட்டங்களில், அதாவது ‘நடத்துபவர்’ இன்னார் என்று தொடங்கியவற்றில், நகரங்கள் பெரும்பாலும் தோற்றன. பயணி தரும் தொகையை முன்னிறுத்திய சட்டங்களில் அவை வெல்ல வாய்ப்பு மிகுந்தது. இதை விலக்கில்லாத விதி என்று கூற மாட்டேன். ஆனால் வணிகம் எங்கும் ஒன்றாகவே இருக்க, தீர்ப்புகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறியதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தென்படவில்லை.

சான் அன்டோனியோ வழக்கு இரண்டு கூறுகளையும் தன்னுள் கொண்டது. அந்நகரத்தின் விதியில் ‘கட்டுப்படுத்துபவர்’ என்ற சொல்லும் இருந்தது. நிறுவனங்கள் அறைகளைக் கட்டுப்படுத்துகின்றன என்று 2009இல் நடுவர் குழு கண்டது. பின்னர் சுமார் 5.5 கோடி டாலருக்குத் தீர்ப்பும் ஆயிற்று. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. அத்தொகைக்கு ஈடாகப் பிணைப்பத்திரம் தந்து, அதற்கான கட்டணத்தையும் செலுத்தி வந்தன. 2017இல் 5ஆம் வட்ட நீதிமன்றம் வினைமுதலை விட்டு, ‘தங்குவதற்கான விலை’ என்ற தொடரை எடுத்துக்கொண்டது. ஹூஸ்டன் நகரத்தின் வழக்கில் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் கூறியிருந்த பொருளைப் பின்பற்றி, விடுதிக்குச் சேரும் தொகையே அவ்விலை என்று தீர்த்தது. நடுவர் குழுவின் முடிவு பயனற்றுப் போயிற்று. 2021இல் நகரங்கள் மீது விழுந்த தொகையின் பெரும்பகுதி அந்தப் பிணைப்பத்திரங்களின் கட்டணமே. தம் வெற்றித் தொகைக்குக் காவலாக நின்ற பத்திரத்துக்கு, தோற்ற பின் நகரங்களே விலை தர வேண்டியதாயிற்று.

நியூயார்க் நகரம் வேறு வழியில் சென்றது. 2009இல் அது தன் சட்டத்தைத் திருத்தி, அறையை மறுவிற்பனை செய்பவர் என்ற புதிய வகையினரைப் பெயரிட்டு வரிக்குள் கொண்டுவந்தது. 2013இல் அம்மாநிலத்தின் உயர்நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. இவ்வழியிலும் ஓர் இக்கட்டு உண்டு. சட்டத்தைத் திருத்தும் நகரம் பழைய வாசகம் போதவில்லை என்று ஒப்புக்கொண்டதாகத் தோன்றும். நிலுவை கேட்கும் அதன் வாதம் மெலியும். திருத்தாத நகரமோ ஒவ்வொரு நாளும் வருவாயை இழக்கும்.

நம் நாட்டுச் சட்டம் இச்சிக்கலுக்குப் பின் எழுதப்பட்டது. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 9(5) பிரிவும் அதன்கீழ் வந்த அறிவிக்கையும், பதிவு செய்யும் கடமை இல்லாத விடுதியின் அறையை இணையத்தளம் வழியே விற்கும்போது, அத்தளமே அச்சேவையை வழங்கியவர் போல வரி செலுத்த வேண்டும் என்கின்றன. தளம் உண்மையில் விடுதி நடத்துகிறதா என்ற கேள்வி இங்கே எழுவதில்லை. ‘போல’ என்ற ஓர் உவம உருபு அதற்கு இடம் வைக்கவில்லை.

வரி வரலாற்றை நாம் பெரும்பாலும் விகிதங்களின் வரலாறாகவே எழுதுகிறோம். இவ்வழக்குகளில் விகிதம் எத்தனை விழுக்காடு என்பதில் பூசலே இல்லை. எவரைக் குறித்து, எத்தொகையைக் குறித்து அவ்விகிதம் பேசுகிறது என்பதே பூசல். பழைய சட்டத்தை எழுதியவர்கள் விடுதியை நடத்துபவரும் பயணியிடம் பணம் வாங்குபவரும் ஒருவரே என்று கொண்டனர். அவர்கள் காலத்தில் அது சரியாகவும் இருந்தது. அவ்விருவரும் பிரிந்த நாளில் இடையே விழுந்த தொகைக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. பெயரில்லாத அத்தொகை, பயணியின் ரசீதில் மட்டும் வரியோடு சேர்ந்தே அச்சாகிக்கொண்டிருந்தது.