பயன் தாளுக்கு இறங்கிய கதை

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்புக்குப் போய் இருந்தவர்களுக்கு அந்த ஒழுங்கு தெரியும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது அதன் பொருளை வசனமாக, சொல்லுவார். முன்னாளில் பாட்டு ஏட்டில் இருந்தது, பயன் வாயில் இருந்தது. ஊர்ச்சனம் கேட்ட நீண்ட தமிழ் வசனம் பெரும்பாலும் பயன்காரரின் நாக்கில்தான் குடியிருந்தது.

உரையாசிரியர்கள் வசனம் எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதினார்கள்; அது புலவன் புலவனுக்கு எழுதியது. மற்றவர்களுக்கு ஏன் எழுதவில்லை என்பதற்கு ஏட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அகலம் சில விரற்கடைதான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடுவதில்லை. மெய்க்குப் பெரும்பாலும் புள்ளி இல்லை. காலும் ரகரமும் ஒரே உருவம். பாட்டைக்கூட அடி அடியாகப் பிரித்து எழுதமாட்டார்கள். ஓலை முடிகிற இடத்தில் வரி முடியும். ஆனாலும் யாப்புப் பழகிய காதுக்குச் சீர் எங்கே முடிகிறது, எதுகை எங்கே விழுகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். வசனத்துக்கு அந்தக் கைத்தடி இல்லை. பத்து ஓலைக்கு ஓடும் வசனத்தை அந்த உருவத்தில் எழுதிவைத்தால், படிப்பவன் மூன்றாம் ஓலையில் மூச்சுத் திணறிப்போவான்.

இந்த நிலை மாறத் தொடங்கியது ஒரு பள்ளிக்கூடத்தில். யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ 1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மழைக்கு ஒதுங்கிய இரண்டு சிறுமிகளை வைத்துத்தான் எல்லாம் தொடங்கிற்று என்று ஊரில் ஒரு கதை உண்டு. மிஷனாரிகளின் நோக்கம் மதமாற்றம். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் அந்த நோக்கமே ஒரு புதுவகை வாசகியை உண்டாக்கியது. பள்ளியை விட்டுக் கலியாணமாகிப் போன பிறகும் அவள் தன் வேதத்தைத் தானே வாசிக்கவேண்டும். குசினித் திண்ணையில் தனியே இருந்து வாசிக்கிறவளுக்குப் பயன் சொல்ல யார் வருவார்? பக்கமே பயன் சொல்லியாக வேண்டியிருந்தது.

அதற்கு அச்சு வேண்டும். 1820இல் வந்த ஜேம்ஸ் கரெற் என்ற அமெரிக்க அச்சுக்காரரை ஆளுநர் பார்ன்ஸ் இலங்கையில் தங்க விடவில்லை. மினோர் என்ற இன்னொருவர் வந்து, உடுவிலுக்குப் பக்கத்து ஊரான மானிப்பாயில் அச்சுக்கூடத்தை நடத்தத் தொடங்கியது 1834இல். 1841இல் உதயதாரகை என்ற பத்திரிகை வந்தது. அடுத்த வருடம் மானிப்பாய் அகராதி வந்தது. அந்த அகராதியில் உழைத்த லீவை ஸ்போல்டிங் உடுவிலிலேயே நெடுங்காலம் இருந்தவர்.

ஆனால் தானே பயன் சொல்லும் அந்த அச்சுப் பக்கத்தின் அருமையை மிக நன்றாக விளங்கிக்கொண்டவர் மிஷனுக்கு எதிரே நின்றவர். நல்லூர் ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் பல வருடம் உழைத்தவர். மொழிபெயர்ப்பு வேலையில் ஒவ்வொரு வாக்கியமும் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் ஒரு வரியும் நகராது. அவருடைய கை அங்கேதான் பழகியிருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

1847 டிசம்பர் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கம் தொடங்கினார். பயன்காரர் ஏட்டை விட்டு எழுந்து நின்று பேசத் தொடங்கியது போல அது. மறுவருடம் சைவப்பிரகாச வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கினார். 1852இல் பெரியபுராணம் வசனமாக அச்சேறியது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுக்கு அதுவரை கோயிலில் வாயால் சொன்ன பயன், அட்டை போட்டுக் கைக்கு வந்தது.

தமிழில் நிறுத்தக்குறிகளைக் கொண்டுவந்தவர் நாவலர் என்று நம்மவர்கள் பெருமையாகச் சொல்லுவார்கள். மிஷன் அச்சில் அவை முன்பே இருந்தவைதான். அவர் செய்தது வேறு, அது சின்ன வேலையும் அல்ல: மரபு பிசகாத சைவத் தமிழ் வசனத்துக்குள் அவற்றைக் குடியேற்றினார், புணர்ச்சியை அவிழ்த்துச் சொற்களுக்கு இடம் விட்டார். காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்ற பெயர்களைப் பாருங்கள்; பயன்காரர் எவ்வளவு நேரம் நிறுத்துவார் என்று அளந்து வைத்தது போல இருக்கின்றன. குறி வந்தால் வாக்கியம் குறுகும் என்று இன்று நினைக்கிறோம். நாவலர் கையில் அது நீண்டது. அரைப்புள்ளி தாங்கிக்கொள்ள, ஒரு வாக்கியம் அரைப் பக்கம் நடந்தும் கால் தடுக்காமல் வீடு வந்து சேருகிறது.

வாசிக்கிறவரையும் அவர் அப்படியே படிப்படியாக நீட்டினார். அவருடைய முதற் பாலபாடத்தில் பிள்ளைக்குச் சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். நான்காம் பாலபாடத்துக்கு வரும்போது கொலை, களவு, கள்ளுண்ணல் என்று தலைப்புப் போட்ட முழுக் கட்டுரைகள், ஒவ்வொன்றையும் இருந்து வாசித்து முடிக்கவேண்டும்.