டச்சுப் பட்டினிக் குளிர்காலமும் மகப்பேற்று நலமும்

டச்சுப் பட்டினிக் குளிர்காலம் (1944–45) என்பது, இரயில்வே வேலைநிறுத்தத்திற்குப் பதிலடியாக ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் உணவுப் போக்குவரத்தைத் தடைசெய்ததாலும், பின்னர் கால்வாய்கள் உறைந்ததாலும் மேற்கு நெதர்லாந்தில் ஏற்பட்ட கடும் பஞ்சமாகும். கர்ப்பிணியருக்கு உணவு எட்டாமற்போனால் சிசு எவ்வாறு பாதிக்கப்படும் என்பதற்கு இது முதன்மையான சான்றாக விளங்குகிறது. நாளொன்றுக்கான பங்கீட்டு உணவு 1,000 கலோரிக்கும் கீழே சரிந்தபோது, கர்ப்பத்தின் இறுதி மூன்று மாதங்களில் பட்டினியுற்ற தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக ஏறத்தாழ 300 கிராம் எடை குறைந்து பிறந்தன. தொடக்க மாதங்களில் மட்டும் பட்டினியுற்றோரின் குழந்தைகள் இயல்பான எடையுடன் பிறந்தபோதிலும், பிற்கால வாழ்வில் அவர்களிடையே இதயத் தமனி நோய் மிகுந்து காணப்பட்டமை, கருப்பையில் கிடைக்கும் ஊட்டமே வாழ்நாள் நலத்திற்கு அடித்தளமிடுகிறது என்னும் கருத்துக்கு வலுச்சேர்த்தது. 1945 மே மாத விடுதலைக்குப்பின் உணவு வரத்து சீரானதும் பிறப்பு எடை விரைவில் மீண்டமை, கர்ப்பிணியருக்கு உணவு சென்றடைவதன் இன்றியமையாமையைப் புலப்படுத்துகிறது.