குடிநோய் மீட்புக் கூட்டம்

குடிநோய் மீட்புக் கூட்டம் என்பது குடியை நிறுத்த விரும்புவோர் கூடித் தம் அனுபவங்களைப் பகிரும் சுய உதவிக் கூட்டம்.

வகைகள்: குடியை விட விரும்புவோருக்கு மட்டுமானது மூடிய கூட்டம், குடும்பத்தாரும் பிறரும் வரக்கூடியது திறந்த கூட்டம். குடும்பத்தாருக்கு ‘அல்-அனான்’ என்னும் அமைப்பு தனியே இயங்குகிறது.

இயல்புகள்: குடியை நிறுத்தும் விருப்பமே சேர்வதற்கான ஒரே தகுதி. கட்டணம் இல்லை; உறுப்பினரின் விருப்பக் காணிக்கையே செலவுக்கு உதவுகிறது. பேசுபவர் முதற்பெயரைச் சொல்லி, தாம் குடிநோயாளி எனக் கூறித் தொடங்குவது வழக்கம்.

வரலாறு: பில் வில்சன், மருத்துவர் பாப் ஸ்மித் ஆகியோர் 1935இல் அமெரிக்காவின் ஏக்ரனில் இத்தகைய கூட்டங்களை நடத்தும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பைத் தொடங்கினர். குடியிலிருந்து மீள அது வகுத்த பன்னிரு படிகள் 1939இல் அதன் நூலில் வெளிவந்தன. சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடிநோய் சிகிச்சைக்கான டி.டி.கே. மருத்துவமனையை நிறுவினார்.

தேர்வு: சென்னைப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கையில் ஆலைகளின் ஷிப்ட் நேரம், புறநகர் ரயில் அல்லது பேருந்து வசதி, பகிர்வு மொழி ஆகியவை கவனிக்கத்தக்கவை. ஒரு குழு ஒத்துவராவிடில் வேறொன்றுக்கு மாறலாம்.

மருத்துவத் தொடர்பு: நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு வரக்கூடும் என்பதால் முதலில் மருத்துவரை அணுக வேண்டும். தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446.