சவாரிப் பயிற்சியில் குதிரைகளுக்கான காற்காப்பு: தேர்வின் அடிப்படைகள்

சவாரிப் பயிற்சியின்போது குதிரையின் கால்களில் அணிவிக்கப்படும் காப்புகள் இருவகை. ஒன்று, துணிப்பட்டையைச் சுற்றிக் கட்டும் பேண்டேஜ். மற்றது, காலின் வடிவுக்குத் தைத்து வெல்க்ரோ பட்டையால் இறுக்கப்படும் பூட். இவற்றுக்கு இரண்டு பயன்கள் சொல்லப்படுகின்றன: அடியிலிருந்து காப்பது, தசைநாண்களைத் தாங்குவது. முதற்பயன் உண்மையானது. இரண்டாவதற்குச் சான்று மிக மெலிது. அதோடு, எந்தக் காப்பும் வெப்பம், எடை, அழுத்தம் ஆகிய மூன்றையும் காலின் மேல் ஏற்றுகிறது. எனவே காப்பு என்பது வழக்கத்தால் அணிவிக்கப்படும் அணிகலனாக இருத்தல் தகாது. குறிப்பிட்ட குதிரைக்கு, குறிப்பிட்ட பயிற்சியில் நேரக்கூடிய அடியை முன்வைத்தே அது தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

காலின் அமைப்பும் அடியின் வகைகளும்

முன்காலில் முழங்காலுக்குக் கீழும் பின்காலில் ஹாக் மூட்டுக்குக் கீழும் குதிரைக்குச் சதைப்பற்று ஏறத்தாழ இல்லை. நடுவில் கேனன் எலும்பும், அதன் இருபுறமும் மெல்லிய ஸ்பிளின்ட் எலும்புகளும் உள்ளன. எலும்பின் பின்புறத்தை ஒட்டித் தாங்குபிணையமும், அதற்குப் பின்னால் ஆழ்மடக்குத் தசைநாணும், தோலை அடுத்து மேல்மடக்குத் தசைநாணும் அமைந்திருக்கின்றன. அடியின் வேகத்தை உள்வாங்கச் சதை இல்லாததால் மோதலின் விசை நேரே எலும்பையும் நாணையும் சேர்கிறது. மேல்மடக்குத் தசைநாண் கிழிந்தால் குணமாகப் பல மாதங்கள் பிடிக்கும். ஆறிய இடத்தில் உருவாகும் வடுத்திசு பழைய நெகிழ்ச்சியைப் பெறுவதில்லை. அதனால் காயம் திரும்பவும் நேர்வது அதிகம்.

பயிற்சியில் நேரும் அடிகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒரு காலின் குளம்போ லாடமோ இணைக்காலின் உட்புறத்தில் உரசுவது அல்லது மோதுவது. பாதம் வெளிநோக்கித் திரும்பிய குதிரைகளிலும், இன்னும் சமநிலை கூடாத இளங்குதிரைகளிலும், களைத்த குதிரைகளிலும் இது மிகுதி. இரண்டாவது, பின்குளம்பின் நுனி முன்காலின் குதியிலோ, வேகம் கூடும்போது தசைநாணிலோ படுவது. மூன்றாவது, தடைக்கம்பம், மரக்கட்டை, போலோ மட்டை, பந்து போன்ற வெளிப்பொருள் தாக்குவது. கேனன் எலும்புக்குக் கீழுள்ள ஃபெட்லாக் மூட்டின் உட்புறத்தில் முடி தேய்ந்த தடமும் சிறு கீறலும் முதல்வகை அடிக்கு அடையாளங்கள். இவற்றைக் கண்டால் பூட் வாங்குமுன் லாடம் அடிப்பவரிடம் குளம்பின் சமனைச் சரிபார்ப்பது முறை. காப்பு அடியைத் தடுக்கும். அடிக்குக் காரணமான குறையைத் தீர்க்காது.

தாங்குதல் என்னும் கூற்று

முழுவேகப் பாய்ச்சலில் ஒரு முன்கால் தரையில் ஊன்றும்போது அதன்மேல் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை இறங்குகிறது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது 1,250 கிலோ எடைக்கு ஒப்பாகும். அந்த நொடியில் ஃபெட்லாக் மூட்டு தரையை நோக்கித் தாழ்ந்து, தசைநாண்கள் நீண்டு, பின் சுருங்கி மூட்டை உயர்த்துகின்றன. இந்த இயக்கத்தை ஒரு துணிப்பட்டையோ நியோப்ரீன் உறையோ தடுத்து நிறுத்த முடியாது. சில தாங்குபூட்டுகள் டிராட் என்னும் மிதவேக நடையில் மூட்டு தாழும் கோணத்தைச் சற்றே குறைப்பதாக அளவீடுகள் காட்டியுள்ளன. ஆனால் டிராட்டில் பெற்ற அச்சிறு மாற்றத்தைக் கொண்டு, விசை மிகவும் கூடும் பாய்ச்சலில் காயம் தவிர்க்கப்படும் என்று முடிவுகட்ட இடமில்லை. மேலும், மூட்டை உண்மையாகவே இறுக்கிப் பிடிக்கும் அளவுக்குக் கட்டினால் நாணும் இரத்தவோட்டமும் நசுங்கும். தாங்கும் என்ற நம்பிக்கையில் இறுக்கப்படும் கட்டு, கட்டாத காலைவிடத் தீங்கானது.

வெப்பம், எடை, அழுத்தம்

தசைநாண் நீண்டு சுருங்குகையில் அதில் சேமிக்கப்படும் ஆற்றலின் ஒரு சிறு பங்கு வெப்பமாக மாறுகிறது. 1994இல் வில்சன், குட்ஷிப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பாயும் குதிரையின் மேல்மடக்குத் தசைநாணின் உட்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது அளக்கப்பட்டது. நாண் உயிரணுக்கள் இந்த வெப்பத்தைச் சிறிது நேரம் தாங்கினாலும், இன்னும் சில டிகிரி கூடினால் பெருமளவில் மடிகின்றன. வெறுங்காலின்மேல் வீசும் காற்று தோலைக் குளிர்விக்கிறது. பூட்டும் பேண்டேஜும் அக்காற்றை மறித்து, வியர்வை ஆவியாவதையும் தடுக்கின்றன. தோலின் வெப்பம் கூடினால் நாணின் உள்வெப்பமும் அதே அளவு கூடும் எனக் கொள்ள முடியாது. ஆயினும் வெப்பம் வெளியேறும் வழி அடைபடுவது நாணுக்கு நன்மையாக இருக்க முடியாது. ஈரப்பதம் மிகுந்த தட்பவெப்பத்திலும் நீண்ட பயிற்சியிலும் இக்கருத்து கூடுதல் எடை பெறுகிறது.

எடையின் விளைவு காலின் நுனியில் பெருகித் தெரியும். பின்காலில் கனமான அல்லது இறுக்கமான பூட் அணிந்த குதிரை தாண்டும்போது பின்கால்களை இயல்புக்கு மேல் உயர்த்துகிறது. இது முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டதால்தான் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு பின்கால் பூட்டுகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பூட்டின் உள்நீளம் 16 சென்டிமீட்டருக்கு மிகாதிருக்க வேண்டும் என்ற விதி, படிப்படியாக விரிந்து 2021 முதல் பன்னாட்டுத் தடைதாண்டும் போட்டிகள் அனைத்திலும் நடைமுறைக்கு வந்தது. ஒரு காலில் ஏறும் சாதனங்களின் மொத்த எடை, லாடம் நீங்கலாக, 500 கிராமுக்கு மேல் போகலாகாது என்பதும் விதி. காப்பு குதிரையின் அசைவையே மாற்றவல்லது என்பதற்கு இவ்விதிகளே போதிய ஒப்புதல்.

பயிற்சிக்கேற்ற தேர்வு

நேராக அடிவைக்கும், உரசல் தடமில்லாத குதிரைக்குச் சமதளப் பயிற்சியில் வெறுங்காலே தக்க தேர்வு. பன்னாட்டு டிரஸ்ஸாஜ் போட்டிக்களத்தில் பூட்டுக்கும் பேண்டேஜுக்கும் இடமில்லை. கால்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் கடினமான பக்கவாட்டு நடைகள் அங்கே வெறுங்காலிலேயே நிகழ்த்தப்படுகின்றன. ஆனால் அந்நடைகளைப் புதிதாகக் கற்கும் இளங்குதிரை தடுமாறி இணைக்காலில் அடித்துக்கொள்ளக்கூடும். அதற்கு உட்புறத்தில் தடித்த மெத்தையுள்ள இலேசான பிரஷிங் பூட் பொருந்தும்.

தடை தாண்டும் பயிற்சியில் முன்காலுக்கு, பின்புறம் கடினமாகவும் முன்புறம் திறந்தும் உள்ள டெண்டன் பூட் ஏற்றது. அது பின்குளம்பின் அடியிலிருந்து நாணைக் காக்கிறது. கம்பம் பட்டால் குதிரை அதை உணரவும் விடுகிறது. அசையாத தடைகளைக் கொண்ட கிராஸ்கன்ட்ரி ஓட்டத்தில் முன்புறமும் மூடிய, நீரை உறிஞ்சாத, உறுதியான பூட் தேவை. நனைந்த பேண்டேஜ் கனத்து நழுவுமாதலால் அங்கே அது பொருந்தாது. மட்டையும் பந்தும் பாயும் போலோவில் நான்கு கால்களுக்கும் காப்பு இன்றியமையாதது. குதியில் அடித்துக்கொள்ளும் குதிரைக்கு எந்தப் பயிற்சியிலும் குளம்பைச் சுற்றி அணியும் பெல் பூட் உதவும். அது பின்புறத்தில் குதியை முழுதும் மூடுமளவு நீண்டிருக்க வேண்டும்.

அடி ஒருமுறை பட்டாலே நாண் சிதையக்கூடும் என்பதால் எப்போதும் பூட் அணிவிப்பதே பாதுகாப்பு என்று வாதிடுவோர் உண்டு. அடி நேரும் வாய்ப்பு உண்மையில் இருக்குமிடத்தில் அவ்வாதம் முழுமையாகப் பொருந்தும். வாய்ப்பு மிகக் குறைந்த இடத்தில், ஒவ்வொரு நாளும் உறுதியாக ஏறும் வெப்பமும் உராய்வும் அதற்கு எதிராக நிற்கின்றன.

அணிவிக்கும் முறை

தவறாக அணிவித்தால் நல்ல காப்பும் கேடாகும். காலிலும் பூட்டின் உட்புறத்திலும் மணல், சேறு, ஈரம் இருத்தல் ஆகாது. பூட்டைச் சற்று மேலே வைத்துக் கீழ்நோக்கி இழுத்தால் முடி அதன் போக்கில் படியும். பட்டைகள் வெளிப்புறத்தில் இறுக்கப்பட்டு, அவற்றின் நுனி பின்னோக்கி இருக்க வேண்டும். பூட் சுழலவோ நழுவவோ கூடாது. ஆனால் விளிம்பில் ஒரு விரல் நுழைய வேண்டும். பேண்டேஜை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இழுவையோடு, மடிப்பு விழாமல் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் குவியும் அழுத்தம் நாணைப் புண்ணாக்கும்; பாதியில் அவிழும் பட்டை குதிரையை இடறிவிழச் செய்யும். ஆகவே கட்டத் தேர்ந்த கை இல்லாத இடத்தில் பூட்டே மேல். பயிற்சி முடிந்தவுடன் காப்பைக் கழற்றி, காலைக் குளிர்ந்த நீரால் கழுவி, வீக்கமும் சூடும் உண்டா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் காப்பு வேண்டுமா, எவ்வகை வேண்டும் என்பதை அந்தச் சோதனையில் தெரியும் தடங்களைக் கொண்டே முடிவு செய்யலாம்.